நீர்க்கடுப்புக்குத் தெலுங்குல என்ன?

ஹைதராபாத் வந்த புதுசுல நான் கத்துக்கிட்ட தெலுங்கு எல்லாம் வயித்துக்கும் வண்டிக்கும் ஆனதுதான். "எந்த"ன்னா எவ்வளவு. "இக்கட ஆபண்டி"ன்னா இங்க நிறுத்துங்க. ஒரு நாள் கூகட்பள்ளி காய்கறிக் கடையில "வங்காய"ன்னா வெங்காயம்னு நினைச்சுக் கேட்டு, ஒரு கிலோ கத்தரிக்காயோட வீட்டுக்கு வந்து தங்கமணிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். தமிழும் தெலுங்கும் அக்கா தங்கச்சிதான். ஆனா ஒரே மாதிரி இருக்கற முகத்தை நம்பி ஆளை மாத்திக் கூப்பிட்டா இப்படித்தான் ஆகும்.

கத்தரிக்காயில போனது ஒரு கிலோ. அதே மாதிரி இன்னொரு தப்புல எங்க அம்மாவோட கிட்னி போயிருக்கும். அதைப் பத்திதான் இந்தப் பதிவு.

முதல்லயே சொல்லிடறேன். நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். வருஷக்கணக்கா சுகர் இருக்கற ஒரு அம்மாவை வெளியூர்ல வச்சுப் பார்த்துக்கற மகன், அவ்வளவுதான். படிச்சதையும் பட்டதையும் எழுதறேன். மாத்திரை விஷயத்துல உங்க டாக்டர் சொல்றதுதான் முடிவு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 2008 ஏப்ரல். நான் ஹைதராபாத் வந்து ஒரு வருஷம்கூட ஆகலை. அம்மாவுக்கு அப்போ 58 வயசு, சுகர் வந்து 12 வருஷம். கும்பகோணத்துல இருந்து பஸ்ல சென்னை, அங்கிருந்து சார்மினார் எக்ஸ்பிரஸ்ல ஹைதராபாத். வீட்டை விட்டுக் கிளம்பினதுல இருந்து சொட்டுத் தண்ணி குடிக்கலைன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. "வழியில எங்க போறது? அந்த ரயில் கக்கூஸ்ல காலை வைக்க முடியுமா?" இது எங்க அம்மாவோட மட்டும் பழக்கம் இல்லை. உங்க வீட்டு அம்மா, அத்தை, பெரியம்மா யாரை வேணா கேட்டுப் பாருங்க.

வந்த பிறகும் சார்மினார், பிர்லா மந்திர், யாதகிரிகுட்டான்னு ஊர் சுத்தினோம். ஏப்ரல் வெயில். ஒவ்வொரு தடவையும் கிளம்பறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே அம்மா தண்ணியை நிறுத்திடுவாங்க. திரும்பி வர்ற வரைக்கும் அடக்கிப்பாங்க.

அப்புறம் ஒரு நாள் தொப்புள்லயும் கால் கட்டை விரல்லயும் நல்லெண்ணெய் வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. என்னம்மான்னேன். "ஒண்ணுமில்லடா, உடம்பு சூடு." வெந்தயத் தண்ணி, இளநீர், நீர்மோர் எல்லாம் நடந்துது. ஹைதராபாத் வெயிலுக்கு யாருக்குத்தான் சூடு பிடிக்காதுன்னு நானும் ஆபீஸ் போயிட்டேன். சுகர்காரங்க எத்தனை இளநீர் குடிக்கலாம்னுகூட யோசிக்கலை.

பத்து நாள் கழிச்சுக் காய்ச்சல். ரெண்டு தெரு தள்ளி ஒரு கிளினிக். நல்ல மனுஷர், பொறுமையா அம்மாவைப் பார்த்தே கேட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அரைகுறைத் தெலுங்கு.

"சலி ஜ்வரமா அம்மா?"

அம்மா உடனே, "சளி எல்லாம் இல்லைங்க."

"மண்ட்டகா உந்தா?"

"ஆமாங்க, மண்டை விண் விண்ணுன்னு தெறிக்குது." கையை நெத்தியில வச்சுக் காட்டினாங்க. நானும் பக்கத்துல இருந்து "தல நொப்பி"ன்னு பெருமையா மொழிபெயர்த்தேன்.

தெலுங்கு தெரிஞ்சவங்க இந்நேரம் தலையில அடிச்சிருப்பீங்க. "சலி"ன்னா குளிர். சலி ஜ்வரம்னா குளிர் காய்ச்சல். "மண்ட்ட"ன்னா எரிச்சல். அவர் கேட்டது குளிருதா, எரியுதான்னு, ரெண்டுமே சரியான கேள்வி. அம்மாவுக்குக் குளிரும் இருந்துது, எரிச்சலும் இருந்துது. ஆனா எங்க ரெண்டு பேர்கிட்ட இருந்தும் அவருக்குப் போன பதில்: குளிர் இல்லை, தலைவலி இருக்கு. அவர் காய்ச்சல் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவர் மேல தப்பே இல்லை.

மூணாம் நாள் ராத்திரி உடம்பு தூக்கிப் போடற மாதிரி நடுக்கம். இடுப்புக்கு மேல, விலாவுக்குக் கீழ தொட்டாலே வலி. சுகர் 380. ஆஸ்பத்திரியில மலேரியாவான்னு பார்த்தாங்க, இல்லை. அதுக்குள்ள கும்பகோணத்துல இருந்து சித்தி போன். எனக்கில்லை, தங்கமணிக்கு. "ஏம்மா, அக்காவுக்குப் பத்து நாளா நீர்க்கடுப்புன்னு சொன்னாளே, டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

கூகட்பள்ளியில என் பக்கத்து ரூம்ல இருந்த விஷயம் கும்பகோணம் போய்த் திரும்பி எனக்கு வந்து சேர பத்து நாள். மகன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு சித்திகிட்ட சொல்லியிருக்காங்க. சித்தியும் என்கிட்ட சொல்லலை பாருங்க.

சிறுநீரை கல்ச்சருக்கு அனுப்பினாங்க. ஈ.கோலை கிருமி, சிறுநீரகம் வரைக்கும் ஏறியிருந்துது. ஆறு நாள் ஊசி. அம்மா பிழைச்சாங்க, கிட்னியும் பிழைச்சுது.

அந்த ஆறு நாள்ல ஆரம்பிச்சு நான் படிச்சதோட சுருக்கம் இது. சுகர் இருக்கறவங்களுக்கு ஏன் இந்தத் தொற்று அதிகம்?

ரத்தத்துல சர்க்கரை ஒரு அளவைத் தாண்டினா சிறுநீர்ல இறங்கும். கிருமிக்கு அது விருந்து. அதே சமயம் கிருமியை எதிர்க்கற வெள்ளை அணுக்களோட சுறுசுறுப்பும் குறையும். மூணாவதுதான் நம்மில் பலருக்குத் தெரியாதது. வருஷக்கணக்கான சுகர் காலை மரத்துப் போகப் பண்ற மாதிரி மூத்திரப்பை நரம்பையும் மந்தமாக்கும். பை நிறைஞ்சது சரியா தெரியாது, போனாலும் முழுசா காலி ஆகாது. அடியில தேங்கி நிக்கற தண்ணி குட்டைத் தண்ணி மாதிரி. கிருமி வளராம என்ன செய்யும்?

இதோட பெண்களுக்கு சிறுநீர்க் குழாய் நீளம் கம்மி, கிருமி ஏறி வர தூரமும் கம்மி. மாதவிடாய் நின்ன பிறகு ஹார்மோன் குறைஞ்சு அந்தப் பகுதியோட இயற்கையான பாதுகாப்பும் குறையும். ஆண்கள் தப்பிச்சோம்னு நினைக்க வேண்டாம். வயசான அப்பாக்களுக்கு ப்ராஸ்டேட் வீங்கினா பை காலி ஆகாது, அதே குட்டைக் கதைதான். கிட்னியில கல், ஆஸ்பத்திரியில போட்ட ட்யூப், முன்னாடி ஒரு தடவை வந்த தொற்று, இதெல்லாமும் கணக்குல சேரும்.

எங்க அம்மாவுக்கு இதுல பாதிக்கு மேல இருந்துது. முன்னாடி வந்த தொற்று உட்பட. அதுக்கு முந்தின வருஷம் ஊர்ல வந்தப்போ மருந்துக் கடையில சிப்ரோஃப்ளாக்சசின் வாங்கி, மூணு நாள்ல சரியாயிடுச்சுன்னு நிறுத்தி, மிச்ச மாத்திரையைப் பத்திரமா பர்ஸ்ல வச்சிருந்தாங்க. ஹைதராபாத்ல எரிச்சல் ஆரம்பிச்சதும் அதுல ரெண்டை யாருக்கும் சொல்லாம போட்டுக்கிட்டாங்க. கல்ச்சர் ரிப்போர்ட்ல அந்த மருந்துக்கு நேரா "ஆர்"னு இருந்துது. அதாவது அந்தக் கிருமிகிட்ட அந்த மருந்து செல்லாது.

இந்த இடத்துல ஹைதராபாத்வாசிகளுக்கு ஒரு விஷயம். கூகட்பள்ளியில இருந்து மியாப்பூர் தாண்டி அதே மும்பை ரோட்டுல போனா படான்செரு. மருந்து மூலப்பொருள் கம்பெனிகள் குவிஞ்சிருக்கற இடம். அந்தக் கம்பெனிகளோட கழிவு நீரைச் சுத்திகரிக்கற பொது நிலையத்துல இருந்து வெளியே வர்ற தண்ணியை ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் சோதிச்சு 2007ல வெளியிட்டாங்க. சுத்திகரிச்ச பிறகும் ஒரு லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரைக்கும் சிப்ரோஃப்ளாக்சசின்! அந்த மருந்தைச் சாப்பிடற நோயாளியோட ரத்தத்துல இருக்கறதைவிட அதிகம். எங்க அம்மாவோட கிருமி அங்கிருந்து வந்துதுன்னு நான் சொல்லலை, அது கும்பகோணத்து அரைகுறை மாத்திரையாவும் இருக்கலாம். ஆனா கிருமிக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கற பள்ளிக்கூடம் ஆத்துலயும் இருக்கு, நம்ம பர்ஸ்லயும் இருக்கு. ஆத்தை நாம தனியா சரி பண்ண முடியாது. பர்ஸைப் பண்ணலாம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இந்த வகை மருந்துகள் சுகர் மாத்திரை சாப்பிடற வயசானவங்களுக்கு சர்க்கரையைத் திடீர்னு ரொம்பக் கீழே இறக்கிடலாம்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018ல எச்சரிக்கையைக் கடுமையாக்கிச்சு. மிச்ச மாத்திரை வெறும் மிச்சம் இல்லை.

இந்தப் பக்கம் ஒரு தப்புன்னா அந்தப் பக்கம் இன்னொண்ணு. இப்போ எல்லா வீட்டுலயும் மாஸ்டர் ஹெல்த் செக்கப். ரிப்போர்ட்ல சிறுநீர்ல "பஸ் செல்ஸ்" இருக்கு, கிருமி இருக்குன்னு வந்தா, எந்தத் தொந்தரவும் இல்லாத அம்மாவுக்குக்கூட உடனே ஆன்டிபயாடிக் கொடுக்கத் துடிக்கறோம். சுகர் உள்ள பெண்களுக்கு அறிகுறியே இல்லாம சிறுநீர்ல கிருமி இருக்கறது சகஜம். அப்படிப்பட்டவங்களுக்கு மருந்து கொடுத்தும் கொடுக்காமலும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2002லயே வந்துடுச்சு. கொடுத்ததால பின்னாடி வர்ற சிக்கல் குறையலை. 2019ல வந்த அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர்கள் சங்கத்தோட வழிகாட்டியும், சுகர் இருக்குங்கறதுக்காக மட்டும் இதுக்கு மருந்து வேண்டாம்னுதான் சொல்லுது. கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப் பாதையில சில சிகிச்சைகள் செய்யறதுக்கு முன்னாடியும் மட்டும் கணக்கு வேற.

ஆக, பேப்பர்ல கிருமி தெரிஞ்சா ஓடறோம். ஆளுக்கு எரிச்சல் இருந்தா அது நம்ம காதுக்கே வர்றதில்லை. தலைகீழா இருக்கா இல்லையா?

புதுசா வந்திருக்கற சுகர் மாத்திரைகள் பத்தியும் ஒரு வார்த்தை. டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின்னு முடியற வகை. சர்க்கரையைச் சிறுநீர் வழியா வெளியே தள்ளற மருந்து. இதயத்துக்கும் கிட்னிக்கும் நல்லதுன்னு பெரிய ஆய்வுகள் சொல்லுது. காப்புரிமை முடிஞ்சு இந்தியாவுல விலையும் இறங்கிடுச்சு, அதனால நிறைய அம்மா அப்பாக்கள் சாப்பிடறாங்க. ஆனா பிறப்புறுப்புல பூஞ்சைத் தொற்று, அரிப்பு வர்ற வாய்ப்பு இதுல நிச்சயமா கூடும். சிறுநீர்த் தொற்று எல்லாருக்கும் கூடும்னு ஆய்வுகள் சொல்லலை, ஆனாலும் கடுமையான தொற்று சிலருக்கு வந்ததால 2015ல அமெரிக்காவுல எச்சரிக்கை சேர்த்தாங்க. பயந்து நீங்களா நிறுத்தாதீங்க. அரிப்போ எரிச்சலோ வந்தா டாக்டர்கிட்ட சொல்லணும்னு அம்மாவுக்குத் தெரியணும், அவ்வளவுதான். மாத்திரையைக் கையில கொடுக்கற நாமதான் அதைச் சொல்லணும். எத்தனை மகன்கள் சொல்லியிருக்கோம்?

இப்போ நான் சொல்ல வந்ததுக்கு வர்றேன். புத்தகத்துல இருக்கற அபாயக் காரணிகள் எல்லாம் எங்க அம்மாவுக்கு ஊர்ல இருந்தப்பவும் இருந்துதானே? ஊர்ல வந்தப்போ கிட்னி வரைக்கும் போகலையே, ஏன்? அங்க லேடி டாக்டர் இருந்தாங்க. அம்மா தனியா போய், தன்னோட வாயால, தன்னோட பாஷையில "நீர்க்கடுப்பா இருக்கும்மா"ன்னு சொன்னாங்க. இங்க அம்மாவோட வாய் நான். மகன்கிட்ட சொல்லக் கூச்சப்படற ஒரு விஷயத்தை, மகன் வழியாத்தான் டாக்டருக்குச் சொல்ல முடியும்ங்கற நிலைமை. புலம் பெயர்ந்த குடும்பத்துல பெரிய அபாயக் காரணி பாஷை தெரியாத அம்மா இல்லை, நடுவுல நிக்கற மகன்தான். எந்த மருத்துவப் புத்தகத்துலயும் இந்த வரி இருக்காது. எங்க வீட்டுல இருந்துது.

"சுகரைக் கட்டுப்பாட்டுல வச்சா போதாதா, இதையெல்லாம் ஏன் இழுக்கறே?"ன்னு நண்பர் ஒருத்தர் கேட்டார். சுகரைக் கட்டுப்படுத்தத்தான் வேணும், சந்தேகமே இல்லை. ஆனா தேங்கி நிக்கற மூத்திரப்பை, வயசு, அடக்கற பழக்கம் இதெல்லாம் சுகர் மீட்டர்ல தெரியாது. தினமும் காலையில குத்திப் பார்த்து எண் எழுதி வைக்கற நாம, "யூரின் போறப்போ எரிச்சல் இருக்காம்மா?"ன்னு வாரத்துல ஒரு தடவை கேட்கறோமா? 2023ல வந்த ஐ.சி.எம்.ஆர் கணக்குப்படி இந்தியாவுல சுகர் உள்ளவங்க 10.1 கோடி. இதுல எத்தனை அம்மாக்கள் பிள்ளை வேலை பார்க்கற ஊர்ல, பாஷை புரியாம ஒரு அபார்ட்மென்ட்ல உட்கார்ந்திருப்பாங்கன்னு யோசிங்க.

எங்க வீட்டுல நாங்க மாத்தினது இவ்வளவுதான்:

ஒண்ணு, டாக்டர் ரூமுக்குள்ள அம்மாவோட தங்கமணி போவாங்க. நான் போனாலும் "ரெண்டு நிமிஷம் வெளிய இருக்கேன்"னு சொல்லி எழுந்து வந்துடுவேன். மருமகள்கிட்டயும் கூச்சம்னா சித்தியையே போன்ல பிடிச்சு டாக்டர் பக்கத்துல வச்சுடுவோம்.

ரெண்டு, ஒரு சீட்டு. சுகர் எத்தனை வருஷம், என்ன மாத்திரை, முன்னாடி எப்போ தொற்று வந்துது, எந்த மருந்து கேட்கலை. அம்மாவோட பர்ஸ்ல மிச்ச மாத்திரை இருந்த இடத்துல இப்போ அந்தச் சீட்டு இருக்கு.

மூணு, தண்ணி. மாதவிடாய் நிற்காத வயசுல, அடிக்கடி தொற்று வந்து, தண்ணியும் கம்மியா குடிச்சுக்கிட்டிருந்த 140 பெண்களை வச்சு 2018ல ஒரு ஆய்வு வந்துது. தினம் ஒன்றரை லிட்டர் கூடுதலா குடிச்சவங்களுக்குத் தொற்று ஏறக்குறைய பாதியாச்சு. அம்மா வயசுக்கு அப்படியே பொருந்தும்னு சொல்ல மாட்டேன், ஆனா தண்ணியை நிறுத்தறது நல்லதில்லைன்னு புரிய அது போதும். (இதயம், கிட்னி பிரச்னை இருக்கறவங்க எவ்வளவு குடிக்கலாம்னு டாக்டரைக் கேட்டுட்டு.) வெளிய போனா சுத்தமான டாய்லெட் எங்க இருக்குன்னு முதல்ல பார்த்துட்டுத்தான் கோயிலே.

நாலு, வார்த்தைகள். எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டுங்க. எரிச்சல்: மண்ட்ட. சிறுநீர்: மூத்ரம். குளிர் காய்ச்சல்: சலி ஜ்வரம். இடுப்பு வலி: நடுமு நொப்பி. சிறுநீர்ல ரத்தம்: மூத்ரம்லோ ரக்தம். உருது பேசற டாக்டர்னா "பேஷாப் மே ஜலன்" போதும். நீங்க பெங்களூர்லயோ துபாய்லயோ ஜெர்மனியிலயோ இருந்தா அந்த ஊர் வார்த்தைகளை எழுதுங்க. காய்கறிப் பேருக்கு முன்னாடி இதைக் கத்துக்கணும்.

காய்ச்சலோட நடுக்கம், விலாப்பக்கம் வலி, வாந்தி, வயசானவங்க திடீர்னு குழம்பிப் பேசறது, காரணமே இல்லாம சுகர் ஏறறது, இதுல எது வந்தாலும் காலையில பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க. வயசானவங்களுக்கு எரிச்சலே தெரியாமலும் இது வரலாம்.

அம்மாவுக்கு இப்போ 75 தாண்டிடுச்சு, எங்களோடதான் இருக்காங்க. அப்புறமும் ரெண்டு தடவை தொற்று வந்துது. ரெண்டு தடவையும் முதல் நாளே சொல்லிட்டாங்க, மாத்திரையிலயே சரியாச்சு. போன மாசம் செக்கப்புக்குப் போனப்போ டாக்டர் கேட்கறதுக்கு முன்னாடியே "மண்ட்ட லேது, சலி லேது"ன்னு கணீர்னு சொன்னாங்களாம். தங்கமணி வந்து சொன்னாங்க. நான் வழக்கம் போல வெளிய உட்கார்ந்திருந்தேன்.

இன்னிக்கு ராத்திரி அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கறப்போ ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்க. நீங்க கேட்க முடியலைன்னா யார் கேட்டா சொல்வாங்களோ அவங்களைக் கேட்கச் சொல்லுங்க.

பி.கு: சூடுன்னு நல்லெண்ணெய் வைக்கறதை அம்மா இன்னும் விடலை. வச்சுக்கட்டும். ஆனா இப்போ எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாலே வீட்டுல எல்லாரும் "என்ன விஷயம்?"னு கேட்கறோம் :-)